காணாமல் போன மூன்று வோல்ட்

செப்டம்பர் 9, திங்கள்

பிரஷர்: 148/94. நேற்றைய நார்த்தங்காய் ஊறுகாய்தான் காரணம்.

டாக்டர் தினமும் காலையில் வீட்டிலேயே அளந்து ஒரு நோட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. ஒரு வரிக்காக ஒரு முழுப் பக்கம் வீணாவது பொறுக்கவில்லை. மற்றதையும் எழுதுகிறேன்.

சாந்தாமணி, வயது நாற்பத்தாறு. கோபிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சர்க்யூட் லேபுக்கு இன்ஸ்ட்ரக்டர். நான் டிப்ளமோ படித்த அதே காலேஜ். மூன்று வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால் பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். ஆண்டு விழாவுக்குக் கோலம் போடுவதும் விருந்தினருக்குச் சால்வை வாங்கப் போவதும் தற்காலிகங்களின் வேலை.

இன்று எச்.ஓ.டி. திருமூர்த்தி சார் கூப்பிட்டார். "நவம்பர் பிராக்டிகல்ல உங்க லேப்ல நூத்துக்கு நூறு பாஸ் வரோணும். ஒரு முணுமுணுப்பும் இருக்கக் கூடாது. டிசம்பர்ல நிரந்தர ஆர்டர் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார்.

நிரந்தரம். பேனாவால் எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிரஷர்: 122/80. (அளக்க நேரமில்லை. அளந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.)

செப்டம்பர் 12, வியாழன்

பிரஷர்: 118/78. தினமும் 120/80 என்று உருண்டையாக எழுதினால் டாக்டர் நம்பமாட்டார்.

இன்று இரண்டாம் ஆண்டுக்கு நாலாவது சோதனை. கிர்க்காஃப் வோல்டேஜ் விதி. எளிமையானது. ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டரை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, பத்து வோல்ட் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் கொடுத்த பத்து வரவேண்டும். ஆளுக்குப் பாதி. அண்ணன் தம்பி பாகம் பிரிப்பது போலத்தான், சண்டை மட்டும் கிடையாது.

எங்கள் லேபின் வழக்கம் இது. மாணவர்கள் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ரெசிஸ்டரும் ஒயரும் மீட்டரும் வாங்கி மேசைமேல் பரப்புவார்கள். பிறகு மாஸ்டர் ரெக்கார்டைச் சுற்றுக்கு விடுவேன். முதல் ஆளாக அட்டென்டர் அங்கமுத்தண்ணன் வந்து, எதையும் தொடாமல் இருக்கிறார்களா என்று பார்ப்பார். முப்பத்தொரு வருஷமாக மீட்டர்களைக் காப்பாற்றி வருகிறவர். எல்லாரும் 4.98, 4.97 என்று எழுதிக்கொண்டு மூன்றரை மணிக்கு டீ குடிக்கப் போவார்கள்.

மாஸ்டர் ரெக்கார்டு பழைய மாணவி ஒருத்தியின் நோட்டு. முதல் பக்கம் கிழிந்துபோனதால் பெயர் தெரியாது. ஆனால் என்ன ஒரு கையெழுத்து. சர்க்யூட் படங்கள் அச்சடித்த மாதிரி. ரீடிங்கைப் பாருங்கள்: ஐந்து, ஐந்து என்று எழுதியிருந்தால் கள்ளம் என்று தெரிந்துவிடும். 4.98, 4.97. கூட்டினால் 9.95. எவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

பிரஷர்: 121/79.

பிரகதி என்று ஒரு பெண். முன் பெஞ்சு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. போன வாரம் வராததால் இன்று தனியாக நாலாவது சோதனை செய்தாள். நான் மற்றவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் ஒயரை எல்லாம் உண்மையாகவே மாட்டியிருக்கிறாள்.

"மேடம், 3.3 வருதுங்க."

"எது?"

"ரெண்டுமே. கூட்டுனா 6.6. மூணு வோல்ட்டுச் சொச்சத்தைக் காணோமுங்க."

அங்கமுத்தண்ணன் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். "அம்மிணி, இந்த லேப்ல இன்னைக்கு வரைக்கும் ஒரு மீட்டர் முள்ளுகூடக் காணாமப் போனதில்ல" என்றார்.

கனெக்‌ஷன் லூசாக இருக்கும் என்றேன். இறுக்கினாள். 3.3. ரெசிஸ்டரை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். 3.3. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுக் கோடு, பத்தாயிரம் ஓம், எல்லாம் சரி. கடைசியில், "நேரமாச்சு, ரெக்கார்டைப் பார்த்து எழுதிட்டுப் போ" என்றேன்.

"பார்த்தது 3.3ங்க மேடம்."

பத்துக்கு நாலு மார்க் போட்டேன். "விதியைச் சரிபார்க்கத் தவறிவிட்டாய்" என்று சிவப்பு மையில் எழுதினேன். எழுத்து வழக்கம்போல வரவில்லை, கோணிவிட்டது. நார்த்தங்காயை நிறுத்திவிட்டேன், அதனால் இருக்கலாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

பிரஷர்: 119/80. இட்லிக்கு ஊறப்போட்டேன். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

பிரகதி திருமூர்த்தி சாரிடம் போயிருக்கிறாள். புகார் இல்லையாம், சந்தேகமாம். புகாரைவிடச் சந்தேகம் மோசம். புகாருக்குப் பதில் சொல்லிவிடலாம்.

சார் என்னைக் கூப்பிட்டார். "கிர்க்காஃப் விதி ஊரெல்லாம் செல்லுது, நம்ம லேப்ல மட்டும் செல்லலைன்னா வெளிய என்ன பேசுவாங்க?"

"மீட்டர்ல ஏதாவது இருக்கும் சார்."

"அந்த ரெக்கார்டு எழுதுன பையன் இதே மீட்டர்லதான அளந்திருக்கான்?"

"பையன் இல்லைங்க சார், பொண்ணு."

"பேரே இல்லை, பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"கையெழுத்தைப் பார்த்தாத் தெரியாதுங்களா."

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த ஆண்களுக்குக் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

பிரஷர்: 120/81.

என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவருடைய டிஜிட்டல் மீட்டரைக் கைப்பையில் போட்டு எடுத்துப் போனேன். எல்லாரும் போனபிறகு அதே சர்க்யூட்டை மாட்டி அளந்தேன். எனக்கே ஒயர் மாட்டுவது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

4.98.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. அவள் எழுதியது சரிதான் என்று சொல்ல வந்தேன்.

வரும்போது பேக்கரியில் அரைக் கிலோ தேங்காய் பன் வாங்கினேன். இவர், "என்ன விசேசம்?" என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை என்றேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

பிரகதியைக் கூப்பிட்டு டிஜிட்டல் மீட்டரில் காட்டினேன். வெற்றி எனக்கு வெகு நேரம் நீடிக்கவில்லை.

"ஆமாங்க மேடம், இதுல அப்படித்தான் வரும். நானும் கண்டுபிடிச்சேன். நம்ம முள்ளு மீட்டர்ல கீழே பொடி எழுத்துல போட்டிருக்குதுங்க, ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் ஓம்னு. பத்து வோல்ட் மீட்டர், அப்ப அதுவே பத்தாயிரம் ஓம். நம்ம ரெசிஸ்டரும் பத்தாயிரம். பக்கத்துல கொண்டுபோய் வெச்சா மீட்டரும் பாதிக் கரண்டை இழுத்துக்குது. அதனால 3.3. டிஜிட்டல் மீட்டர் அவ்வளவா இழுக்காதுங்க."

இரண்டும் சரி என்றாள். விதியும் சரி, மீட்டரும் சரி. அளக்கப் போகும்போதே அளக்கிற பொருள் மாறிவிடுகிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுக் காட்டினாள். ரெசிஸ்டரும் மீட்டரும் சேர்ந்தது ஐந்தாயிரம், மற்ற ரெசிஸ்டர் பத்தாயிரம்; பத்தைப் பதினைந்தால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 3.33. அவளுடைய கணக்கில் எனக்கு ஒரு தப்பும் கிடைக்கவில்லை. தேடாமலும் இல்லை.

அப்புறம் அவள் கேட்டாள். "அந்த ரெக்கார்டு எழுதுன அக்கா காலத்துல நம்ம லேப்ல டிஜிட்டல் மீட்டர் இருந்துச்சுங்களா?"

அங்கமுத்தண்ணன் மேசையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டாயிரத்து ஒன்பதுல வாங்குனது. ஒண்ணே ஒண்ணு. உறை பிரிக்கலை" என்றார். என்னைப் பார்க்காமலே சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான்.

மார்க்கைப் பத்துக்கு ஒன்பதாகத் திருத்தினேன். அந்த ஒரு மார்க்கை எதற்குக் குறைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

டாக்டர் ஒரு மாதப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். "பிரமாதம்மா" என்றார். பிறகு கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். 152/96.

"இங்க வந்தா ஏறிடுதுங்க டாக்டர்."

"முதல் நாள் ஊறுகாய்னு எழுதியிருக்கீங்க. மத்த நாள் எல்லாம் பச்சைத் தண்ணியா?"

மாத்திரையைக் கூட்டிவிட்டார். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முழுவதும் படித்தாரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

பிரஷர்: 144/92. (அளந்தது.)

லேபில் ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல். அங்கமுத்தண்ணன் பீரோவிலிருந்து எல்லா மீட்டரையும் இறக்கி, துடைத்து, வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கண்ணாடிமேல் வைத்ததால் பாதி மீட்டரில் எண்களே தெரியவில்லை. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். இது என் டைரிதானே.

1996, இதே லேப், மூன்றாவது மேசை. ஒயர் மாட்டினேன். முள் 3.3ல் நின்றது. எனக்குப் பதினெட்டு வயது. வகுப்பில் நாற்பது பையன்கள், இரண்டு பெண்கள். மற்றவள் அன்று லீவு. பையன்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்று மீட்டரை என் பக்கம் திருப்பிக்கொண்டு, 4.98, 4.97 என்று எழுதினேன். சார் நோட்டைத் தூக்கிக் காட்டி, "அளந்தா இப்படி அளக்கோணும்" என்றார். அந்த வருஷம் லேப் பரிசு எனக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அங்கமுத்தண்ணன் அன்றைக்கும் மேசை துடைத்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 11, திங்கள்

நாளை போர்டு பிராக்டிகல். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஈரோட்டுப் பக்கத்துக் காலேஜிலிருந்து வருகிறார், பெயர் குழந்தைவேல். திருமூர்த்தி சார் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு நாலாவது சோதனை மட்டும் விழுந்துடக் கூடாது. விழுந்தா, ஒழுங்கா 4.98 எழுதச் சொல்லிடுங்க. உங்க ஆர்டர் பிரின்சிபால் மேசைலதான் இருக்குது, கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பிரஷர் அளக்கப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பிரஷர்: 156/98. அளந்தேன்.

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பிரகதிக்கு நாலாவது சோதனைதான் வந்தது. அவளோடு இன்னும் இரண்டு பையன்களுக்கும்.

திருமூர்த்தி சார் கதவருகே நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அவளுடைய மேசைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடமாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கனெக்‌ஷன் லூசா இல்லாமப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் போய்ச் சொன்னதைச் சார் பார்த்தார். சொன்னது என்ன என்று அவருக்குக் கேட்கவில்லை.

எக்ஸ்டர்னல் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு மேசையாக நின்று பார்த்தார். முதல் பையனிடம், "4.98ஆ, நல்லது" என்றார். பிறகு குனிந்து, "பவர் சப்ளை சுவிட்ச் போடவே இல்லையே, தம்பி" என்றார். பையன் சுவிட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சாமி படத்தைப் பார்த்தான்.

பிரகதியிடம் வந்தார்.

"மொத்தம் 6.6. மீதி எங்கம்மா?"

"மீட்டர் குடிச்சிருச்சுங்க சார். எங்கப்பா உப்புப் பாக்கறேன்னு பாதி ரசத்தைக் குடிச்சிருவாரு. அண்டா நிறைய ரசம்னாத் தெரியாது. நாங்க வெக்கிறது ஒரு சொம்பு. இது பத்தாயிரம் ஓமுங்க, சொம்பு ரசம். நூறு ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தா அண்டா. அப்ப மீட்டர் குடிக்கறது தெரியாது, பத்து வந்துரும்."

அவர் சிரிக்கவில்லை. நூறு ஓம் இரண்டு கொண்டுவரச் சொன்னார். அங்கமுத்தண்ணன் ஓடினார், அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மாட்டினாள். 4.9, 4.9.

அவர் முப்பத்திரண்டு பேருடைய ரெக்கார்டு நோட்டுகளையும் கேட்டார். நாலாவது சோதனைப் பக்கத்தை மட்டும் புரட்டினார். 4.98, 4.97. 4.98, 4.97.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

திருமூர்த்தி சார் என்னைப் பார்த்தார். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி என்பது என் காதில் ஓடியது. பழைய மாணவியின் நோட்டு, பெயர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எச்.ஓ.டி.யும் அதையேதான் சொல்வார். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"நான் எழுதுனதுங்க சார். தொண்ணூத்தாறுல. மீட்டர் 3.3தான் காட்டுச்சு. நான்தான் மாத்தி எழுதுனேன்."

அவர் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். "எங்க காலேஜ்லயும் இதேதாங்க. 4.98, 4.97. பன்னெண்டு வருசமா. இங்க வேலை பார்த்துட்டு வந்த ஒரு சார் காப்பி எடுத்துக் கொண்டுவந்த நோட்டு" என்றார். மெதுவான குரலில், "அங்க இருந்து வேற ரெண்டு காலேஜுக்குப் போயிருக்குது" என்றார்.

பெருமையாக இருந்ததா என்று கேட்டால், ஒரு நொடி இருந்தது. மறைப்பதற்கில்லை.

எல்லாரையும் பாஸ் போட்டார். அறிக்கையில் நடந்ததையும் எழுதினார், அவர் காலேஜை மட்டும் விட்டுவிட்டு.

நவம்பர் 14, வியாழன்

பிரின்சிபால் அறை. திருமூர்த்தி சார் என் பக்கம் திரும்பவே இல்லை. பிரின்சிபால் நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். ஒரு மாதிரிக் கடிதத்தை நீட்டினார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்னு வந்தா ஃபைல்ல ஒரு விளக்கம் வேணும், சாந்தாமணி. இதைப் பார்த்து உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க. அங்கமுத்துகிட்ட ஒரு சைன். ஆர்டரையும் சேர்த்துப் போட்டுடலாம்."

மாதிரியில் இருந்தது: "மேற்படி வோல்ட்மீட்டர் பழுதடைந்திருந்தமையால் அளவீடுகளில் குழப்பம் ஏற்பட்டது."

நவம்பர் 15, வெள்ளி

பிரஷர்: 150/94.

எழுதினேன். ஆம், எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல். நாற்பத்தாறு வயதில் வேறு வேலை யார் தருவார்கள், இவருடைய கடையில் எத்தனை மோட்டார்தான் வரும் என்றெல்லாம் யோசித்துத்தான் எழுதினேன்.

அங்கமுத்தண்ணனிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"மீட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்குது."

"சும்மா ஒரு காகிதம்ங்கண்ணா. ஃபைல்ல தூங்கும்."

"அது என்ன அம்மிணி பண்ணுச்சு? அன்னைக்கும் மூணு புள்ளி மூணு காட்டுச்சு. இன்னைக்கும் அதான் காட்டுது. கெட்டுப்போனதுன்னு நான் சைன் போட்டா நாளைக்கு அதைப் பழைய இரும்புல தூக்கிப் போடுவாங்க."

"அன்னைக்கு நீங்க பார்த்தீங்களா, அண்ணா?"

"மேசை துடைக்கறவனுக்கு எல்லா மேசையும் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல."

"பரிசு வாங்கிட்டு வந்து எனக்கு மிட்டாய் குடுத்த. அப்புறம் எங்க சொல்றது?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீட்டரின் கண்ணாடியை வேட்டி முனையால் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நவம்பர் 18, திங்கள்

நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன். இதுதான் முழுக் கடிதம்:

"ஐயா, மீட்டர் நல்ல நிலையில் உள்ளது. நான் பார்த்ததை எழுதவில்லை. அதைப் பிறருக்கும் எழுதக் கொடுத்தேன். இனிச் செய்யமாட்டேன்."

பிரின்சிபால் படித்தார். ஆர்டர் இருந்த கவரை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். "அடுத்த பதினோரு மாசத்துக்கு வழக்கம்போல எக்ஸ்டென்ஷன் போடச் சொல்றேன். மத்தது பிறகு பார்க்கலாம்" என்றார். டிராயர் சாவியைத் திருப்பும் சத்தம் நன்றாகக் கேட்டது.

வீட்டில் சொன்னேன். இவர் ஒரு மோட்டார் காயிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப ஆண்டு விழாக் கோலம் இந்த வருசமும் நீதானா" என்றார். ஆமாம் என்றேன். "கலர்ப் பொடி ஈரோட்டுல வாங்கிட்டு வந்தர்றேன்" என்றார்.

பிரஷர் அளக்க மறந்துவிட்டேன். எண் எதுவும் எழுதவில்லை.

ஜூலை 10, வியாழன்

புது டைரி. அதே மருந்துக் கடை. பிரஷர்: 138/88.

பிரகதி மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். இப்போது இரண்டாம் ஆண்டுக்கு வந்திருப்பது புது பேட்ச். விடுமுறையில் லேப் மேனுவலை மாற்றி எழுதினேன். பத்துச் சோதனைகளிலும் ரீடிங் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். மாஸ்டர் ரெக்கார்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

போன வாரம் முதல் வகுப்பு, நாலாவது சோதனையிலேயே ஆரம்பித்தேன். காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, அச்சுப் பிழையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மூன்று ஃபியூஸ் போனது. ஒருத்தி மீட்டரை நேராக பவர் சப்ளையில் மாட்டி, பத்து வருகிறது, விதி சரி என்றாள். அங்கமுத்தண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தார்.

இன்று திருமூர்த்தி சார் ஒரு கட்டுக் காகிதத்தை என் மேசைமேல் போட்டார். "உங்க மேல முப்பது மனு வந்திருக்குது. இதுக்கும் விளக்கம் எழுதிக் குடுங்க" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

பிரித்துப் பார்த்தேன். "மேடம் அவர்கள் ரீடிங் வழங்க மறுப்பதால் எங்கள் எதிர்காலம் கேள்விக்குறியாகிறது. ஆகவே மாணவர் நலன் கருதி ரீடிங் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." இருபத்தெட்டிலும் இதே வாசகம், இதே இடத்தில் முற்றுப்புள்ளி. ஒருவன் அடுத்தவனுடைய பெயரையும் சேர்த்தே காப்பி அடித்து, கீழே தன் பெயரைப் போட்டிருந்தான்.

கட்டின் அடியில் இரண்டு தாள்கள் மனுவே அல்ல. எப்படியோ அதற்குள் வந்துவிட்டிருந்தன. ஓரத்தில் விரல் அழுக்கு, ஒன்றில் சால்டரிங் அயர்ன் சுட்ட ஓட்டை. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. ஒன்றில் 3.4 என்றும் மற்றதில் 3.2 என்றும் எழுதியிருந்தது. கீழே, "மீதி வரலை மேடம், நாளைக்கு மறுபடி பார்க்கறோம்."

அந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன்.